யூலோவுக்குக் கைகொடுத்த அந்த மனுஷன்

பிரெஞ்சு டைரக்டர் ழாக் தாத்தி எடுத்து, தானே யூலோவா நடிச்ச ‘முஸ்யே யூலோவின் விடுமுறை’ படத்தைப் பத்தி யார்கிட்ட பேச ஆரம்பிச்சாலும் முதல்ல வர்ற கேள்வி "கதை என்ன?"ங்கிறதுதான். அதுக்கு உள்ளதைச் சொல்லணும்னா, பிரான்ஸ்ல ஒரு கடற்கரை ஊருக்கு கொஞ்சம் பேர் லீவுக்கு வர்றாங்க, ஒரு சின்ன ஹோட்டல்ல தங்குறாங்க, லீவு முடிஞ்சதும் மூட்டையைக் கட்டிக்கிட்டு கிளம்பிடுறாங்க, அவ்ளோதான். சண்டை இல்ல, வில்லன் இல்ல, காதல்னு சொல்ற மாதிரி ஒண்ணு இருந்தும் அது காதல்னு யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. 1953ல வந்த கருப்பு வெள்ளைப் படம், சுமார் ஒன்றரை மணி நேரம், வசனம் எல்லாத்தையும் சேத்து எழுதினா சில பக்கத்துல முடிஞ்சுடும். ஆனாலும் எனக்கு ரொம்ப நெருக்கமான படம்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் சொல்லுவேன், அது ஏன்னு மட்டும் யாருக்கும் ஒழுங்கா சொல்லிப் புரியவைக்க முடிஞ்சதில்ல. அதனாலதான் இதை உக்காந்து எழுதிப் பாக்குறேன்.

உடனடிக் காரணமும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தர், நிறைய படம் பாக்குறவர், விஷயம் தெரிஞ்சவர், நான் சொன்னேன்னு இதைப் பாத்துட்டு வந்து, "நல்லா இருக்குங்க, அழகா இருக்கு, ஆனா நையாண்டின்னு சொன்னீங்களே, நையாண்டின்னா உறைக்கணும்ல, இதுல யாருக்குமே உறைக்கலையே"ன்னு கேட்டார். அன்னிக்கு லஞ்ச் டைம் முழுக்க அதைப் பத்தியே பேசினோம், ஒரு முடிவுக்கும் வரல. ஆனா அந்தக் கேள்வி என்னை விடவே இல்ல. ஏன்னா அவர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, ரிசார்ட் வாழ்க்கையைக் கிழிச்சுத் தொங்கவிடுற பிரெஞ்சு காமெடி வேணும்னா அதுக்கு 1978ல வந்த ‘லே ப்ரோன்ஸே’ இருக்கு, ஆப்பிரிக்காவுல ஐவரி கோஸ்ட் கடற்கரையில ஒரு ஹாலிடே கிளப்புக்குப் போய் கும்பலா சந்தோஷமா இருந்தே ஆகணும்னு தவிக்கிறவங்களை அது போட்டு வாட்டி எடுக்கும். தாத்தி அப்படிப் பண்றதில்ல, அவர் யாரையும் அடிக்கிறதே இல்ல. அப்ப இது நையாண்டியா இல்லையா, நையாண்டின்னா யாரைப் பத்தி?

மணி அடிச்சா சாப்பாடு

படம் ஒரு ரயில்வே ஸ்டேஷன்ல ஆரம்பிக்குது. லவுட்ஸ்பீக்கர்ல ஒரு குரல் கரகரன்னு ஏதோ சொல்லுது, ஒரு எழுத்து புரியாது. ஆனா பிளாட்பாரத்துல நிக்கிற கூட்டம் மொத்தமும் பெட்டி, படுக்கை, குழந்தை, மீன் பிடிக்கிற வலை எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு சுரங்கப்பாதையில இறங்கி அடுத்த பிளாட்பாரத்துக்கு ஓடும். ஓடிப் போய் நின்னா ரயில் வேற பிளாட்பாரத்துல வருது. திரும்பவும் ஓட்டம். படத்தோட மொத்த விஷயமும் இந்த ஒரு சீன்லயே இருக்குன்னு நினைக்கிறேன். லீவுக்குக் கிளம்பினவங்க, அவசரப்பட எந்த அவசியமும் இல்லாதவங்க, யாரோ ஒருத்தர் புரியாத பாஷையில ஏதோ உத்தரவு போட்டதும் ஓடுறாங்க.

ஹோட்டலுக்கு வந்தும் அதேதான். சாப்பாட்டுக்கு மணி அடிக்கும். மணி அடிச்சதும் கடற்கரையில படுத்திருக்கிறவங்க, நடந்துக்கிட்டு இருக்கிறவங்க எல்லாரும் எழுந்து ஹோட்டலைப் பாத்து வருவாங்க, ஃபேக்டரியில சங்கு ஊதினா ஷிஃப்ட்டுக்குப் போறவங்க மாதிரி. பிரான்ஸ்ல எல்லாத் தொழிலாளிக்கும் சம்பளத்தோட லீவுங்கிறது 1936லதான் சட்டமாச்சு, லெயோன் ப்ளூம் தலைமையில இடதுசாரிக் கூட்டணி ஆட்சிக்கு வந்த சூட்டோட, பெரிய வேலைநிறுத்தத்துக்கு நடுவுல போட்ட சட்டம், வருஷத்துக்கு ரெண்டு வாரம். மூணாவது வாரம் கிடைக்க 1956 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. ஆக இந்தப் படம் எடுத்த நேரத்துல சம்பளத்தோட ஊருக்குப் போறதுங்கிறதே பதினஞ்சு வருஷப் பழக்கம், அதுலயும் நடுவுல யுத்தம் வந்து அஞ்சாறு வருஷத்தை முழுங்கிடுச்சு. கைக்குக் கிடைச்ச அந்த ரெண்டு வாரத்தை என்ன பண்றதுன்னு அப்ப நிறைய பேருக்கு இன்னும் பழகியிருக்காது. பழகாததால தெரிஞ்சதையே செய்றாங்க, வேலையில என்ன செஞ்சாங்களோ அதையே கடற்கரைக்கும் தூக்கிட்டு வந்துடுறாங்க.

ஒவ்வொருத்தரா பாருங்க. தடியா ஒரு பிசினஸ்காரர், எப்பப் பாத்தாலும் அவருக்கு டெலிஃபோன் வரும், குளிச்சுக்கிட்டு இருந்தாலும் ஈர உடம்போட ஹோட்டலுக்கு ஓடி வந்து பங்கு விலை பேசிட்டுப் போவார். 1953ல போன் சுவத்துல மாட்டியிருந்துச்சு, அதனால அவர் போனைத் தேடி ஓடணும், இப்ப அது நம்ம கையிலயே இருக்கிறதால ஓட வேண்டியதில்ல, மத்தபடி ஒரு வித்தியாசமும் இல்ல. ரிட்டயர்டு ராணுவ மேஜர் ஒருத்தர், எல்லாரையும் பிக்னிக் கூட்டிட்டுப் போறதையே ஒரு படையெடுப்பு மாதிரி நடத்துவார், எந்த வண்டி எப்பக் கிளம்பணும், யார் எதுல ஏறணும்னு ஆர்டர் போடுவார். இடதுசாரி இளைஞன் ஒருத்தன், கண்ணு முன்னாடி கடலும் பக்கத்துல மார்ட்டின்னு ஒரு அழகான பொண்ணும் இருக்கும்போது அவகிட்ட அரசியல் பாடம் எடுத்துக்கிட்டே இருப்பான். ஹோட்டல் முதலாளிக்கும் அந்த வெயிட்டருக்கும் சொல்லவே வேணாம், அவங்களுக்கு அது லீவே இல்ல, வேலை. யாரும் கெட்டவங்க கிடையாது. யாருக்கும் சும்மா இருக்கத் தெரியல, அவ்ளோதான்.

பைப்பை வாயில இருந்து எடுக்காத ஆள்

இவங்க நடுவுலதான் யூலோ வர்றார். 1920கள்ல வந்த அமில்கார்னு ஒரு லொடலொடா கார், மத்த எல்லாரும் ரயில்ல, பஸ்ல, பெரிய கார்ல வர்றாங்க, இது மட்டும் படபடன்னு வெடிச்சுக்கிட்டு, எல்லா வண்டிக்கும் வழிவிட்டு ஓரமா ஒதுங்கி ஒதுங்கி வரும். ஹோட்டல் கதவைத் திறந்துகிட்டு உள்ள நுழைவார், பெட்டி எடுக்க திரும்பப் போவார், கதவு திறந்தே கிடக்கும், கடல் காத்து உள்ள பூந்து அங்க இருக்கிற பேப்பரைப் பறக்கவிட்டு, டீ ஊத்துற தாரையையே வளைச்சுவிட்டு, அமைதியா உக்காந்திருந்த அத்தனை பேரையும் கலைச்சுப் போட்டுடும். அவர் வேணும்னு பண்ணல. அப்புறம் ரிசப்ஷன்ல பேர் கேக்குறாங்க, வாயில பைப் இருக்கிறதால என்ன சொல்றார்னு புரியல, ரெண்டு கையிலயும் சாமான் இருக்கு, ஹோட்டல்காரர் தானே கையை நீட்டி அந்த பைப்பை எடுத்தாதான் "யூலோ"ங்கிற பேரே வெளிய வருது. படத்துல அவர் தெளிவா பேசுற வார்த்தை கிட்டத்தட்ட அது ஒண்ணுதான்.

இவர் என்ன வேலை பாக்குறார், எந்த ஊர், கல்யாணம் ஆச்சா, எதுவும் படம் முழுக்கத் தெரியாது. இது தற்செயலா விட்டுப்போனது இல்லன்னு நான் உறுதியா நினைக்கிறேன். மத்த எல்லாரும் அவங்கவங்க வேலையாவே அங்க இருக்காங்க, பிசினஸ்காரர், மேஜர், புரட்சிக்காரன். யூலோ மட்டும் வேலை இல்லாம வந்திருக்கார். அந்த ஹோட்டல்ல உண்மையிலயே லீவுல இருக்கிறவர்னா குழந்தைங்களை விட்டா அவர்தான்.

நம்ம ஆட்களுக்கு யூலோவைப் புரியவைக்க சுலபமான வழி மிஸ்டர் பீன்தான். ரோவன் அட்கின்சன் தாத்திகிட்ட இருந்து எவ்ளோ எடுத்துக்கிட்டோம்னு தானே சொல்லியிருக்கார், 2007ல வந்த பீன் படத்துக்கு பிரான்ஸ்ல வெச்ச பேர்கூட ‘பீனின் விடுமுறை’தான். ஆனா ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா பீன் சுயநலக்காரன், தனக்கு வேணும்னா குழந்தை கையில இருக்கிறதையும் பிடுங்குவான், கேமராவும் அவன் மூஞ்சியை விட்டு நகராது. யூலோ நேர் எதிர், அவர் பண்ற ஒவ்வொரு ரகளைக்கும் காரணம் மரியாதை. யாருக்கோ வழிவிடப் போய், யாருக்கோ பெட்டி தூக்கப் போய், யாருக்கோ வணக்கம் சொல்லப் போய்த்தான் எல்லாம் கவிழும். கார் டயர் மாத்த கல்லறைத் தோட்டத்து வாசல்ல நிறுத்துவார், டியூப் கீழ விழுந்து அது மேல காய்ஞ்ச இலையெல்லாம் ஒட்டிக்கும், சாவு வீட்டுக்காரங்க அதை மலர் வளையம்னு நினைச்சு வாங்கிக்கிட்டுப் போய் மாட்டிடுவாங்க. அப்ப இவர் என்ன பண்ணணும்? "அது என் டயர்"னு சொல்லி வாங்கிட்டு வரணும். ஆனா துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட அப்படிச் சொல்ல அவருக்கு மனசு வராது. வரிசையில நின்னு கூட வந்தவங்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கிட்டு இருப்பார். சிரிப்பு தாங்க முடியாத சீன், அதுல இருக்கிற அந்த மனுஷத்தன்மையும் தாங்க முடியாது.

டென்னிஸ் சீனும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ராக்கெட் வித்த கடைக்காரம்மா எப்படி அடிக்கணும்னு கையை முன்ன தள்ளி, பின்ன இழுத்து, ஒரு போடு போட்டுக் காட்டுவாங்க, அதை அப்படியே பாடம் பண்ணிக்கிட்டுப் போய் யூலோ அதே மாதிரி ஆடுவார், அங்க இருக்கிற ஒருத்தராலயும் அந்த சர்வீஸை எடுக்க முடியாது. அம்பயரா உக்காந்திருக்கிற இங்கிலீஷ் பாட்டி ஒருத்தங்க மட்டும் சந்தோஷத்துல குதிப்பாங்க. தாத்தி சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி மியூசிக் ஹால் மேடையில டென்னிஸ் வீரர், குத்துச்சண்டை வீரர், குதிரை ஓட்டுறவர்னு விளையாட்டுக்காரங்களை வாய் பேசாம நடிச்சுக் காட்டி பேர் வாங்கினவர், அந்த உடம்புப் பயிற்சி மொத்தமும் இந்த ஒரு சீன்ல தெரியும்.

ஐஸ்கிரீம் விழல

இந்தப் படத்தை ஒரு தடவை வீட்டுல அம்மாவோட உக்காந்து பாத்தேன். அம்மாவுக்கு பிரெஞ்சும் தெரியாது, சப்டைட்டில் படிக்கிற பழக்கமும் கிடையாது, இதுக்கு ரெண்டுமே தேவைப்படல. அரை மணி நேரம் ஒண்ணும் சொல்லாம பாத்துக்கிட்டு இருந்தாங்க, சிரிக்கவும் இல்ல, எழுந்து போகவும் இல்ல. அப்புறம் அந்தச் சின்னப் பையன் வந்தான். நாலஞ்சு வயசு இருக்கும், வண்டிக்காரர்கிட்ட ரெண்டு கோன் ஐஸ் வாங்கி ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு, அவன் உயரத்துக்குப் பெரிசா இருக்கிற படியில ஒவ்வொரு படியா ஏறுவான். மேல போனா கதவு. கதவுல கைப்பிடி. கையில கோன் இருக்கு, அதே கையாலதான் கைப்பிடியைத் திருப்பணும், திருப்பினா கோனும் சேந்து சாயும். சாயுது, சாயுது, அம்மா இங்க சோபாவுல இருந்து "அய்யோ, விழுந்துரும்டா கண்ணு"ன்னு அந்தப் பையன்கிட்டயே சொல்றாங்க. விழல. கதவு திறக்குது, உள்ள போய் இன்னொரு பையனுக்கு ஒண்ணு கொடுத்துட்டு, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிடுறாங்க. அம்மா பெருமூச்சு விட்டுட்டு என் கையைத் தட்டினாங்க.

இந்த சீனை வேற எந்த டைரக்டர் எடுத்திருந்தாலும் ஐஸ்கிரீம் விழுந்திருக்கும். விழுந்தாதானே காமெடி, விழுந்தாதானே சிரிப்பு. தாத்தி விழவிடல. அதே மாதிரி தெருவுல ஒரு ஜவ்வு மிட்டாய் வண்டி, கொக்கியில மாட்டின மிட்டாய் மெதுவா கீழ கீழ இறங்கி மண்ணுல படப்போற நேரத்துல வண்டிக்காரர் வந்து எடுத்து மேல மாட்டுவார், திரும்ப இறங்க ஆரம்பிக்கும். யூலோ அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதையே கவலையா பாத்துக்கிட்டு நிப்பார். ஹோட்டல்ல இருக்கிற அத்தனை பெரியவங்களும் பங்குச்சந்தை, சீட்டாட்டம், அரசியல்னு கவலைப்படும்போது இவர் யாரோ ஒருத்தரோட மிட்டாய் மண்ணுல விழுந்துடக் கூடாதேன்னு கவலைப்படுறார்.

கேமரா எப்பவும் தள்ளியே நிக்கும், மூஞ்சிக்குக் கிட்ட போகவே போகாது. எங்க பாக்கணும்னு தாத்தி காட்ட மாட்டார், நாமதான் தேடணும், ஒரே ஃப்ரேம்ல மூலையில ஒண்ணு, நடுவுல ஒண்ணு நடக்கும், ஒண்ணைப் பாத்தா இன்னொண்ணை விட்டுடுவோம். ஆனா காதுக்கு அவர் ரொம்ப கிட்ட வந்துடுவார். சாப்பாட்டு அறைக்குள்ள போற கதவு ஒண்ணு இருக்கு, வெயிட்டர் ஒவ்வொரு தடவை போகும்போதும் வரும்போதும் ‘ட்டொய்ங்’குனு தந்தியை மீட்டின மாதிரி ஒரு சத்தம். ஆரம்பத்துல ஏதோ சத்தம்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல அது அந்த ஹோட்டலோட குரலாவே ஆயிடும், படம் முடிஞ்சு பல நாள் கழிச்சும் எங்கயாவது கதவு அடிச்சா எனக்கு அந்த டைனிங் ஹால் ஞாபகம்தான் வரும். ஆந்த்ரே பாஸான், பிரெஞ்சு சினிமா விமர்சனத்துல பெரிய ஆள், படம் வந்த 1953லயே யூலோவையும் காலத்தையும் பத்தி ஒரு கட்டுரை எழுதிட்டார். லீவு நாள்ல நேரம் எப்படி நகருமோ, ஒண்ணும் நடக்காம நீண்டுக்கிட்டே போகுமோ, அதையே தாத்தி படமாக்கிட்டார்ங்கிறது அந்தக் கட்டுரையோட வாதம். எனக்கு அது சரின்னுதான் படுது, ஆனா அதுல முழுசா அடங்கல.

அந்தக் கடற்கரை எது

படம் எடுத்த இடம் சேன்-மார்க்-சுர்-மேர்னு ஒரு சின்ன ஊர், லுவார் ஆறு அட்லாண்டிக் கடல்ல சேர்ற இடத்துக்குப் பக்கத்துல. அந்த ஹோட்டல் இன்னும் இருக்கு, 1999ல கடலைப் பாத்த மாதிரி யூலோவுக்கு வெண்கலத்துல ஒரு சிலையும் வெச்சாங்க. இது எல்லாம் டூரிஸ்ட் தகவல், தேடினா கிடைக்கும். எனக்குப் பின்னாடிதான் உறைச்ச விஷயம் வேற. சேன்-மார்க், சேன்-நசேர் நகரத்தோட ஒரு பகுதி. சேன்-நசேர்ல ஜெர்மன்காரங்க நீர்மூழ்கிக் கப்பலுக்காக கான்கிரீட்ல பிரம்மாண்டமா ஒரு தளம் கட்டினாங்க, அதை உடைக்கணும்னு நேச நாடுகள் 1942லயும் 1943லயும் குண்டு மேல குண்டா போட்டதுல தளம் அப்படியே நின்னுச்சு, ஊர்தான் தரைமட்டமாச்சு. 1944 ஆகஸ்ட்ல பாரீஸ் விடுதலை ஆன பிறகும் இந்தப் பகுதி மட்டும் ஜெர்மன் கையிலயே சுத்தி வளைக்கப்பட்டுக் கிடந்துச்சு. 1945 மே 8ல ஐரோப்பாவுல யுத்தமே முடிஞ்சு போச்சு, இங்க சரணடைஞ்சது மே 11. பிரான்ஸ்ல கடைசியா விடுதலை ஆன இடங்கள்ல இது ஒண்ணு.

தாத்தி அங்க கேமராவோட போனது 1951 கோடையில. ஆறே வருஷம். அந்தக் கடற்கரை ஓரமா கான்கிரீட் பங்கர்கள் இன்னிக்கும் நிக்குது, அப்ப எப்படி இருந்திருக்கும். படத்துல அது ஒண்ணைக்கூட காட்டல. இது தெரிஞ்ச பிறகு படத்தைப் பாத்தப்ப நான் சிரிச்சுக்கிட்டு இருந்த ஒவ்வொரு ஆளும் வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சாங்க. சாப்பாட்டு மேஜையில யுத்தக் கதை சொல்லிச் சொல்லி எல்லாரையும் அலுப்பாக்குற மேஜருக்கு வேற கதை எதுவும் தெரியாதுன்னு தோணுச்சு. ராத்திரி யூலோவால ஏதாவது சத்தம் கேட்டா ஹோட்டல் ஜன்னல்ல ஒவ்வொண்ணா விளக்கு எரியும், இது படம் நெடுக வர்ற ஜோக், கடைசியில பட்டாசு வெச்சிருந்த கொட்டகை அவர் கையால பத்திக்கிட்டு வானத்துல வெடிச்சுத் தள்ளும்போது ஹோட்டல் மொத்தமும் அலறி எழுந்துடும். ராத்திரியில வெடிச்சத்தம் கேட்டு எழுந்த அனுபவம் அந்த ஊர்க்காரங்களுக்கு எவ்ளோ பக்கத்துல இருந்துச்சுன்னு யோசிச்சா, தாத்தி அதைப் பட்டாசா மாத்தி, யாருக்கும் ஒண்ணும் ஆகாம முடிச்சு வெச்சது எனக்குச் சாதாரணமா படல. இதை அவர் நினைச்சுத்தான் செஞ்சார்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த மண்ணுல நின்னுக்கிட்டு, அந்த வருஷத்துல, ஐஸ்கிரீம்கூட கீழ விழாத ஒரு படத்தை எடுத்திருக்கார்.

முகமூடி நடனமும் கை கொடுத்தலும்

ஹோட்டல்ல ஒரு ராத்திரி மாறுவேஷ டான்ஸ் ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. யூலோ கடல் கொள்ளைக்காரன் வேஷம் போட்டுக்கிட்டு இறங்கி வருவார். வேஷம் போட்டு வந்தது அவரும், மார்ட்டினும், கொஞ்சம் குழந்தைங்களும்தான். பெரியவங்க எல்லாம் பக்கத்து அறையில சீட்டாட்டம், ரேடியோ. ரேடியோவுல ஒரு அரசியல்வாதி பொருளாதாரத்தைப் பத்தி முழங்கிக்கிட்டு இருக்கார், அத்தனை பேரும் அதை சீரியஸா கேட்டுக்கிட்டு இருக்காங்க, லவுட்ஸ்பீக்கர் சொன்னதுக்கு ஸ்டேஷன்ல ஓடின அதே ஆட்கள். இந்தப் பக்கம் யூலோ ஒரு ரெக்கார்டைப் போடுவார், படத்துல திரும்பத் திரும்ப வர்ற ஆலேன் ரோமானோட அந்த மெட்டு, ரெண்டு பேரும் ஆடுவாங்க. மார்ட்டின் போட்டிருக்கிற டிரஸ்ல முதுகு திறந்திருக்கும், யூலோ கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முதுகுல வெச்சு, சட்டுனு எடுத்து, கடைசியில துணி இருக்கிற இடமா பாத்து வெச்சுப்பார். இவ்ளோதான் படத்தோட காதல் கதை. இதுக்கு மேல ஒரு அடி போகாது.

ஆனா படத்தோட மையம் இது இல்ல, மார்ட்டினும் இல்லன்னு நான் சொல்லுவேன். மையம், நடந்துக்கிட்டே இருக்கிற அந்த வயசான தம்பதி. படம் நெடுக வருவாங்க, பொண்டாட்டி முன்னாடி, புருஷன் பத்தடி பின்னாடி, கையைப் பின்னால கட்டிக்கிட்டு. அந்தம்மா கடலைக் காட்டுவாங்க, படகைக் காட்டுவாங்க, குனிஞ்சு ஒரு சிப்பியை எடுத்து "எவ்ளோ அழகா இருக்கு பாருங்க"ன்னு கொடுப்பாங்க, அவர் வாங்கி, அவங்க திரும்பினதும் தூக்கிப் போட்டுட்டு நடப்பார். பாத்தா சலிச்சுப் போன ஒரு மனுஷன், சாப்பாட்டு மணிக்காகக் காத்திருக்கிறவர், அவ்ளோதான்னு தோணும். பேச மாட்டார், எதுலயும் கலந்துக்க மாட்டார். பின்னாடியே நடப்பார்.

லீவு முடியுது. பட்டாசு ரகளைக்கு அப்புறம் யூலோகிட்ட யாரும் முகம் கொடுக்கிறதில்ல. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் அட்ரஸ் வாங்கிக்கிறாங்க, அடுத்த வருஷமும் வரணும்னு சொல்லிக்கிறாங்க, கட்டிப் பிடிச்சுக்கிறாங்க, யூலோ கிட்ட வந்தா திரும்பிக்கிறாங்க. அவர் பேசாம போய் மணல்ல குழந்தைங்களோட உக்காந்துக்கிறார், அந்தப் பசங்க விளையாட்டுக்கு மணலை வீசிக்கிட்டு இருக்காங்க, அவரும் வீசுறார். அப்ப அந்த இங்கிலீஷ் பாட்டி வந்து பேசுறாங்க. அப்புறம், இதைத்தான் நான் எதிர்பாக்கவே இல்ல, அந்தப் புருஷன் வர்றார். பொண்டாட்டியை விட்டுட்டு தனியா வந்து யூலோவோட கையைப் பிடிச்சுக் குலுக்குறார். உங்களைச் சந்திச்சதுல ரொம்ப சந்தோஷம்ங்கிற மாதிரி சொல்லிட்டு, அவசரமா திரும்ப தன் இடத்துக்கு, அந்தம்மாவுக்குப் பின்னாடி போயிடுறார்.

முதல் தடவை இதைப் பாத்தப்ப தொண்டை அடைச்சுக்கிச்சு, ஏன்னு அப்ப தெரியல. இப்ப தெரியுது. ஒன்றரை மணி நேரமா ஒருத்தரை நாம "பாவம், ஒண்ணும் இல்லாத ஆளு"ன்னு பாத்துக்கிட்டு இருக்கோம், அவரோ நாம பாத்த அத்தனையையும் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். யூலோ பண்ணின ஒவ்வொண்ணும் அவருக்குள்ள போயிருக்கு, அதை ரசிச்சிருக்கார், அந்த ரெண்டு வார லீவுல அவருக்குக் கிடைச்ச ஒரே சந்தோஷம் அதுவாத்தான் இருக்கும். ஹோட்டல்ல நம்மள மாதிரி ஒரு பார்வையாளர் இருந்தார்னா அவர்தான், அது நமக்குக் கடைசி நிமிஷத்துலதான் தெரியுது. ஆபீஸ் நண்பர் கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்கிற பதில் இந்தக் கை குலுக்கல்தான். உறைக்குற நையாண்டி ஒருத்தரைக் காட்டி "இவன் இப்படித்தான்"னு முடிச்சிடும். தாத்தி அத்தனை பேரையும் அப்படித்தான் காட்டிக்கிட்டு வர்றார், கடைசியில ஒருத்தரை மட்டும் "இவர் அப்படி இல்ல, நீங்கதான் பாக்கல"ன்னு எடுத்து வைக்கிறார். ஒருத்தர் விஷயத்துல அப்படின்னா மத்தவங்க? அந்த போன்காரர்? அந்த மேஜர்? எனக்கு உறைச்சது அதுதான்.

நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். "நீங்க சொல்றப்ப நல்லா இருக்கு, ஆனா ஒரு கை குலுக்கலுக்காக ஒன்றரை மணி நேரமா?"ன்னார். ஆமாங்க, ஒன்றரை மணி நேரம் அவர் பின்னாடியே நடந்தாதான் அந்தக் கைக்கு கனம் வரும்னு சொன்னேன். அவர் ஒத்துக்கல, அதுல எனக்கு வருத்தமும் இல்ல.

தாத்திக்கே இந்தப் படம் முடிஞ்ச விஷயமா இருந்ததில்ல. அடுத்து எடுத்த ‘மோன் ஓன்க்ள்’ ஆஸ்கர் வாங்குச்சு, அதுக்கும் அடுத்து ‘பிளேடைம்’ படத்துக்காக பாரீஸ் ஓரத்துல ஒரு நகரத்தையே செட் போட்டு, அது 1967ல வெளிவந்து ஓடாம, கடன்ல மூழ்கிப் போனார். அவ்ளோவுக்கு நடுவுலயும் யூலோவோட விடுமுறையைத் தொட்டுக்கிட்டே இருந்தார், 1962ல திரும்ப எடிட் பண்ணினார், 1978ல, எழுபது வயசுல, மறுபடியும் அதே சேன்-மார்க் கடற்கரைக்குப் போய் சில ஷாட் புதுசா எடுத்துச் சேத்தார். யூலோவோட சின்னப் படகு நடுவுல மடங்கிப் போய் சுறா வாய் மாதிரி தெரிய, கரையில இருக்கிறவங்க அலறி ஓடுவாங்களே, அது அந்த நேரத்துல சேத்தது, ஸ்பீல்பெர்க்கோட சுறா படம் உலகம் பூரா ஓடி முடிச்சிருந்த சமயம். இப்ப நமக்குப் பாக்கக் கிடைக்கிறது பெரும்பாலும் இந்த 1978 வடிவம்தான்.

பாக்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். போன்ல பாக்காதீங்க, ஃப்ரேம் மூலையில நடக்கிறது எதுவும் தெரியாது, இருக்கிறதுலயே பெரிய திரையா பாத்து, வீட்டுல யாரையாவது பக்கத்துல உக்கார வெச்சுப் பாருங்க, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வெச்சுக்கங்க. ஏற்கெனவே பாத்தவங்க இன்னொரு தடவை பாத்தா, யூலோவை விட்டுட்டு கையைப் பின்னால கட்டிக்கிட்டு நடக்கிற அந்த மனுஷனை மட்டும் பாருங்க, அவர் கண்ணு எங்கெங்க போகுதுன்னு பாத்துட்டு வந்து எனக்குச் சொல்லுங்க.